எண்ணெயைக் கழித்துவிட்டுப் பாருங்கள்: இந்தியா–வளைகுடா வர்த்தகக் கணக்கை வாசிக்கும் முறை

2024-25 நிதியாண்டில் இந்தியாவுக்கும் ஐக்கிய அரபு எமிரேட்ஸுக்கும் இடையிலான சரக்கு வர்த்தகம் 100 பில்லியன் அமெரிக்க டாலரைத் தொட்டது. அதற்கு முந்தைய ஆண்டு சுமார் 83.6 பில்லியன். ஒரே ஆண்டில் 16 பில்லியன் கூடியது என்பதுதான் தலைப்புச் செய்தி. அதே பட்டியலில் இரண்டு வரி கீழே போனால் வேறு கதை கிடைக்கும். இந்தியாவின் ஏற்றுமதி 35.6 பில்லியனிலிருந்து 36.6 பில்லியனுக்குத்தான் நகர்ந்தது. இறக்குமதியோ 48 பில்லியனிலிருந்து 63.4 பில்லியனுக்குத் தாவியது. கூடிய 16-இல் 15-க்கு மேல் இந்தியா வாங்கிய கணக்கு.

சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு இந்தக் கணக்கைப் பிரித்துப் பார்க்கத் தனிப் பயிற்சி தேவையில்லை. ஒவ்வொரு மாதமும் நடுவாக்கில் ‘எண்ணெய் சாரா உள்நாட்டு ஏற்றுமதி’ எவ்வளவு கூடியது, குறைந்தது என்று என்டர்பிரைஸ் சிங்கப்பூர் வெளியிடும் எண்ணைப் படித்துப் பழகியவர்கள் நாம். அந்தப் பெயருக்குள் இரண்டு வெட்டு இருக்கிறது: எண்ணெய் தனி, மற்றது தனி, இங்கே செய்த பொருள் தனி, வெளியிலிருந்து வந்து அப்படியே மறுபடி கப்பல் ஏறிய பொருள் தனி. இதே இரண்டு வெட்டையும் இந்தியா–வளைகுடாப் பட்டியலில் போடுவதுதான் இந்த வழிகாட்டியின் வேலை. பொருளியல் படிக்கும் மாணவருக்கும், சிராங்கூன் சாலையில் அரிசியோ நகையோ விற்பவருக்கும், இந்தியப் பங்குகளில் பணம் போட்டிருப்பவருக்கும் இது பயன்படும்.

தொடங்குமுன் சரிசெய்ய வேண்டியவை

முதலில் ‘வளைகுடா’ என்றால் எந்த நாடுகள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1981-இல் உருவான வளைகுடா ஒத்துழைப்பு மன்றத்தில் ஆறு நாடுகள்: சவூதி அரேபியா, எமிரேட்ஸ், கத்தார், குவைத், ஓமான், பஹ்ரைன். ஈராக்கும் ஈரானும் அதில் இல்லை. அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இது. ரஷ்யா முந்துவதற்கு முன் சில ஆண்டுகள் இந்தியாவுக்கு அதிகக் கச்சா எண்ணெய் விற்ற நாடு ஈராக். மன்றத்தின் மொத்தத்தை எடுத்துக்கொண்டு ‘வளைகுடா எண்ணெய்’ என்று எழுதினால் ஈராக் முழுசாக விடுபட்டுப்போகும். ஈரானிலிருந்து கச்சா எண்ணெய் வாங்குவதை, அமெரிக்கத் தடை விலக்கு முடிந்த 2019 மே மாதத்தோடு இந்தியா நிறுத்தியது; ஆகவே 2018-19-ஐ அடுத்த ஆண்டோடு ஒப்பிடும்போது ஈரானின் எண் சரிவது கொள்கையின் விளைவு, தேவை குறைந்ததால் அல்ல.

அடுத்தது ஆண்டு. இந்தியக் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. எமிரேட்ஸ், சவூதி, சிங்கப்பூர் எல்லாம் ஜனவரி முதல் டிசம்பர் வரை. இரண்டையும் ஒரே அட்டவணையில் வைக்க வேண்டுமென்றால் இந்தியாவின் மாதக் கணக்கை எடுத்து ஜனவரி–டிசம்பருக்கு நீங்களே கூட்டுங்கள். வேறு குறுக்குவழி இல்லை.

பணம். வளைகுடா நாணயங்களில் ஐந்து டாலரோடு கட்டப்பட்டவை, அதனால் ஒரே எண்ணை எந்த ஆண்டுக்கும் போடலாம்: ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம், 3.75 சவூதி ரியால், 3.64 கத்தார் ரியால், 0.376 பஹ்ரைன் தினார், 0.3845 ஓமான் ரியால். குவைத் தினார் மட்டும் 2007 முதல் நாணயக் கூடையோடு கட்டப்பட்டது. அதற்கு அந்தந்த ஆண்டின் சராசரியைத் தேட வேண்டும். நம் பேச்சில் ‘வெள்ளி’ என்றால் சிங்கப்பூர் நாணயம். கீழே தங்கம், வெள்ளி என்று உலோகமும் வருவதால், இங்கே எல்லாத் தொகையும் அமெரிக்க டாலரிலேயே இருக்கிறது. ஒரு பில்லியன் 100 கோடி, ஒரு டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. இந்தியத் தளத்தில் ரூபாய்க் கணக்கு லட்சத்தில் இருக்கிறதா, கோடியில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நூறு மடங்குப் பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன.

பட்டியலை எடுப்பது

இந்திய வர்த்தக அமைச்சின் ‘டிரேட்ஸ்டாட்’ தளத்தில் ஏற்றுமதி–இறக்குமதித் தரவு வங்கி இருக்கிறது. கட்டணம் இல்லை. ‘நாடு வாரியாக, எல்லாச் சரக்குகளும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், நாட்டைத் தேர்ந்தெடுங்கள், எச்எஸ் குறியீட்டை (சுங்கத்துறைகள் சரக்கை வகைப்படுத்தும் உலகப் பொது எண்; முதல் 2 இலக்கம் ‘அத்தியாயம்’) 2 இலக்கத்தில் வையுங்கள், மதிப்பை டாலர் மில்லியனில் கேளுங்கள். நாட்டுப் பட்டியலில் எமிரேட்ஸ் முழுப்பெயரில் இருக்காது. ‘யு அராப் எம்டிஎஸ்’ என்று சுருக்கி வைத்திருப்பார்கள். சவூதி அரேபியா ‘சவூதி அராப்’ என்று இருக்கும்.

ஏற்றுமதி, இறக்குமதி இரண்டையும் தனித்தனித் தாளில் எக்செல்லுக்கு மாற்றுங்கள். ஏற்றுமதி மதிப்பு எஃப்ஓபி, அதாவது கப்பலில் ஏற்றும் வரையிலான விலை. இறக்குமதி மதிப்பு சிஐஎஃப், கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்தது. அதனால் இரண்டையும் கழித்து வரும் பற்றாக்குறை எப்போதும் உண்மையைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரியும்.

முதல் சல்லடை: 27-ஆம் அத்தியாயம்

எச்எஸ் 27 என்பது எரிபொருள் அத்தியாயம். மொத்தத்திலிருந்து இதைக் கழியுங்கள், இரண்டு தாளிலும். இறக்குமதியில் மட்டும் கழித்துவிட்டு ஏற்றுமதியில் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இந்தியா கச்சா எண்ணெய் வாங்குவதோடு நிற்பதில்லை. குஜராத் கரையில் சுத்திகரித்து டீசலாகவும் நாப்தாவாகவும் வளைகுடாவுக்கே திருப்பி விற்கிறது. அது 2710 என்ற குறியீட்டில் வரும். அப்படிப் போவதெல்லாம் எமிரேட்ஸ் மக்கள் எரிப்பதும் இல்லை. ஃபுஜைரா, கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்பும் பெரிய துறைமுகம். நம் ஜூரோங் தீவுக்கு வரும் எண்ணெயில் நாம் எரிப்பது எவ்வளவு, கப்பலில் மறுபடி ஏறிப்போவது எவ்வளவு என்று யோசித்தால் ஃபுஜைராவின் கணக்கு புரிந்துவிடும்.

கழித்ததைத் தூக்கி எறியாதீர்கள். 27-ஐத் தனித் தாளில் வைத்து 4 இலக்கத்துக்கு விரியுங்கள். 2709 கச்சா எண்ணெய். 2710 சுத்திகரித்த பொருள்கள். 2711 எரிவாயு. இந்த 2711-க்குள் கலந்து கிடப்பவை இரண்டு வேறு உலகங்கள். 271111 திரவ இயற்கை எரிவாயு. கத்தாரிலிருந்து ஆலைகளுக்கும் உரத் தொழிற்சாலைகளுக்கும் போவது. 271112, 271113, 271119 ஆகியவை சமையல் எரிவாயு வகைகள். இந்திய வீடுகளில் 14.2 கிலோ சிலிண்டராகப் போய் நிற்பது. ஒன்றின் விலை ஏறினால் உர மானியம் வீங்கும், மற்றதன் விலை ஏறினால் அடுப்படியில் தெரியும். சேர்த்துப் படித்தால் இரண்டும் மங்கிப்போகும்.

இனி மிக முக்கியமான வேலை: விலையையும் அளவையும் பிரிப்பது. எண்ணெய்க் கணக்கில் டாலர் கூடினால் உறவு வளர்ந்தது என்று எழுதுபவர்கள், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள். இந்தியாவின் மொத்தக் கச்சா எண்ணெய் இறக்குமதியையே எடுத்துக்கொள்வோம். 2022-23-இல் சுமார் 23.2 கோடி டன், மதிப்பு 157 பில்லியன் டாலரை ஒட்டி. 2023-24-இல் அளவு ஏறத்தாழ அதே 23.2 கோடி டன். மதிப்பு 132–133 பில்லியன். எண்ணெய் ஒரு சொட்டும் குறையவில்லை என்று சொல்லுமளவுக்கு அளவு அப்படியே நிற்கிறது, பணம் 15 விழுக்காட்டுக்கு மேல் இறங்கிவிட்டது.

இதை நீங்களே சரிபார்க்கலாம். ஒரு டன் கச்சா எண்ணெய் சராசரியாக 7.33 பீப்பாய். 23.2 கோடியை 7.33-ஆல் பெருக்கினால் 170 கோடி பீப்பாய். 157 பில்லியனை அதால் வகுத்தால் பீப்பாய்க்கு 92 டாலர். அந்த ஆண்டு இந்தியக் கூடை விலையின் (இந்தியா வாங்கும் கச்சா எண்ணெய் வகைகளின் கலப்பு விலை) சராசரி 93.15. நன்றாக ஒட்டுகிறது. அடுத்த ஆண்டுக்கு அதே கணக்கைப் போட்டால் 78 டாலர் வரும், ஆனால் கூடை விலை 82.58. இடைவெளி நான்கு டாலருக்கு மேல். 2022-க்கு முன் 2 விழுக்காட்டுக்கும் கீழாக இருந்த ரஷ்யாவின் பங்கு 2023-24-இல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியதும், அந்த எண்ணெய் தள்ளுபடியில் வந்ததும் இந்த இடைவெளிக்கு ஒரு முக்கியக் காரணம். ஆகவே அந்த ஆண்டில் வளைகுடா எண்ணெயின் டாலர் மதிப்பு இறங்கியதற்கு விலைச் சரிவு, பங்கு இழப்பு என இரண்டு காரணங்கள் உண்டு; எழுதும்போது இரண்டையும் தனியாகச் சொல்ல வேண்டும்.

இந்தியா டன்னில் பேசும், வளைகுடா நாளுக்கு இத்தனை பீப்பாய் என்று பேசும். ஆண்டுக்கு 10 லட்சம் டன் என்றால் நாளுக்கு ஏறத்தாழ 20,000 பீப்பாய். இந்த ஓர் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டால் பாதி அறிக்கைகளைக் கணிப்பான் இல்லாமலே படிக்கலாம். அளவுக் கணக்கை இந்தியப் பெட்ரோலியத் துறையின் திட்ட, ஆய்வுப் பிரிவு மாதந்தோறும் வெளியிடுகிறது.

கத்தார் எரிவாயுவுக்குக் கணக்கு வேறு. இந்தியாவின் பெட்ரோநெட் நிறுவனம் 1999-இல் போட்ட ஒப்பந்தப்படி 2004 முதல் குஜராத்தின் தஹேஜ் முனையத்துக்குக் கப்பல்கள் வருகின்றன. ஆண்டுக்கு 75 லட்சம் டன். 2024 பிப்ரவரியில் அதே அளவை 2028-லிருந்து இன்னும் 20 ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள். அளவு இப்படிக் கட்டப்பட்டிருக்க, விலை மட்டும் கச்சா எண்ணெயோடு ஆடும். இத்தகைய ஒப்பந்தங்களில் விலை ‘பிரென்ட் (உலகக் கச்சா எண்ணெய் விலைக்கு அளவுகோலான வகை) விலையில் இத்தனை விழுக்காடு’ என்று வரும். உதாரணத்துக்கு 12 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரென்ட் 80 டாலர் என்றால் வெப்ப அலகுக்கு 9.6 டாலர். ஒரு டன் எரிவாயுவில் சுமார் 52 அலகு (ஓர் அலகு பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகு). 75 லட்சம் டன்னுக்கு 39 கோடி அலகு, தொகை 3.7 பில்லியன் டாலர். பிரென்ட் 100-க்குப் போனால் அதே கப்பல்கள், அதே வாயு, 4.7 பில்லியன். இந்தியா–கத்தார் வர்த்தகம் 2022-23-இல் 18.8 பில்லியனாக இருந்து அடுத்த ஆண்டு 14 பில்லியனுக்கு இறங்கியபோது அதை ‘உறவில் விரிசல்’ என்று வாசிக்கக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இரண்டாம் சல்லடை: 71

எண்ணெயைக் கழித்தவுடன் ‘எண்ணெய் சாரா வர்த்தகம்’ கிடைத்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். எமிரேட்ஸ் விஷயத்தில் எச்எஸ் 71-ஐயும் கழித்தால்தான் தரை தெரியும். தங்கம் 7108, வெள்ளி 7106, பிளாட்டினம் 7110, வைரம் 7102, நகை 7113. துபாயிலிருந்து தங்கக் கட்டி இந்தியாவுக்கு வரும், பட்டறையில் நகையாகித் துபாய்க்கே திரும்பும். பட்டை தீட்டாத வைரம் வரும், சூரத்தில் பட்டை தீட்டித் திரும்பும். மொத்த மதிப்பு இரு பக்கமும் ஏறும். இந்தியாவில் தங்குவது செய்கூலி மட்டும். தேக்காவில் நகைக்கடை வைத்திருப்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

71-இல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியது 7110. எச்எஸ் விதிப்படி எடையில் 2 விழுக்காடு பிளாட்டினம் இருந்தாலே அந்தக் கலவை பிளாட்டினக் கலவை ஆகிவிடும், மீதி முழுக்கத் தங்கமாக இருந்தாலும். இந்தியாவில் தங்கத்துக்கு 15 விழுக்காடு வரி இருந்த காலத்தில், எமிரேட்ஸுடனான வர்த்தக உடன்பாட்டில் (கீழே வருகிறது) பிளாட்டினக் கலவைக்கு அதைவிடக் குறைந்த வரி. வாசல் திறந்திருந்தது, சரக்கு அந்த வழியாக வந்தது. கண்டுபிடிக்கும் முறை எளிது: 7110-இன் மதிப்பை எடையால் வகுத்து ஒரு கிராம் விலையைப் பாருங்கள். 2024 நடுவில் உலகச் சந்தையில் பிளாட்டினம் கிராமுக்கு 30 டாலரை ஒட்டி, தங்கம் 75 டாலரை ஒட்டி. உங்கள் வகுத்தல் 70-ஐத் தொட்டால் அட்டையில் எழுதியிருப்பது பிளாட்டினம், பெட்டியில் இருப்பது தங்கம். 2024 ஜூலையில் இந்தியா தங்கத்தின் வரியை 6 விழுக்காடாகக் குறைத்தது. பிறகு இத்தகைய கலவைகளுக்குக் கட்டுப்பாடும் வந்தது. அந்த இடைக்காலத்து எண்களை மற்ற ஆண்டுகளோடு நேராக ஒப்பிட வேண்டாம்.

மிச்சம் இருப்பதில் யார் வாங்குபவர்

இரண்டு சல்லடைக்குப் பிறகு கையில் நிற்பது அரிசி, இறைச்சி, துணி, இயந்திரம், கைப்பேசி, ரசாயனம். வரும் பக்கம் யூரியா, பிளாஸ்டிக் மூலப்பொருள். உண்மையான உறவு வளர்கிறதா என்பதை இங்கேதான் பார்க்க வேண்டும், மெதுவாக.

கைப்பேசிக்கு 2022 ஜனவரியில் குறியீடு மாறியது. முன்பு 851712, இப்போது ஸ்மார்ட்போன் 851713. பழைய எண்ணை மட்டும் தேடினால் ஏற்றுமதி திடீரென்று செத்துவிட்டதாகத் தோன்றும். அரிசியில் 100630 என்று 6 இலக்கத்தில் நிறுத்தினால் பாஸ்மதியும் புழுங்கலரிசியும் ஒரே சாக்கில் கிடக்கும். சவூதியும் ஈராக்கும் வாங்குவது பெரும்பாலும் பாஸ்மதி. விலையும் வேறு, 2022–24-இல் இந்தியா போட்ட ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளும் இரண்டுக்கும் வேறு வேறு. 8 இலக்கத்துக்குப் போங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் மறு ஏற்றுமதி. இந்தியக் கணக்கில் ‘எமிரேட்ஸுக்குப் போனது’ என்று பதிவாவது துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் இறங்கியது. அங்கிருந்து அது ஆப்பிரிக்காவுக்கோ மத்திய ஆசியாவுக்கோ மறுபடி ஏறலாம். இதற்கு ஐநாவின் காம்ட்ரேட் தரவுத்தளத்தில் எமிரேட்ஸைப் ‘பதிவு செய்யும் நாடு’ ஆக வைத்து, மறு ஏற்றுமதி என்ற ஓட்டத்தை அதே குறியீட்டில் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். எமிரேட்ஸ் வாங்கியதும் வெளியே அனுப்பியதும் கிட்டத்தட்டச் சமம் என்றால் வாங்குபவர் அந்த நாடு அல்ல, அது துறைமுகம். சிங்கப்பூரைப் பற்றி வெளியார் செய்யும் பிழையும் இதுதான். இங்கே விளையாத பொருளெல்லாம் இங்கிருந்து ஏற்றுமதியாவதாகக் கணக்கில் பார்த்துவிட்டுத் திகைப்பார்கள்.

அதே தளத்தில் கண்ணாடிச் சோதனையும் செய்யலாம். இந்தியா ‘100 விற்றேன்’ என்று சொல்வதை எமிரேட்ஸ் ‘105 வாங்கினேன்’ என்று சொன்னால் வித்தியாசம் கப்பல் கூலி. 10 விழுக்காட்டுக்கு மேல் போனால் அந்தக் குறியீட்டைத் தனியே எடுத்துத் துருவுங்கள். பெரும்பாலும் தங்கமோ, சுதந்திர வர்த்தக மண்டலமோ, ஆண்டுக் கணக்கின் மாறுபாடோ காரணமாக இருக்கும்.

உடன்பாட்டுக்கு எவ்வளவு பங்கு

இந்தியா–எமிரேட்ஸ் விரிவான பொருளியல் பங்காளித்துவ உடன்பாடு 2022 மே 1-இல் நடப்புக்கு வந்தது. இரு நாட்டுச் சரக்கு வர்த்தகம் 2021-22-இல் சுமார் 73 பில்லியன், 2022-23-இல் சுமார் 85 பில்லியன். உடனே உடன்பாட்டுக்கு மாலை போட்டார்கள். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடையில் இந்தியக் கூடை எண்ணெய் விலை 79 டாலரிலிருந்து 93 டாலருக்கு ஏறியது. கூடிய 12 பில்லியனில் 8-க்கு மேல் இறக்குமதிப் பக்கம். உடன்பாட்டின் பலனை அளக்க, 27-உம் 71-உம் கழித்த ஏற்றுமதியை மட்டும் எடுங்கள். அதே பொருளின் சவூதிக்கான ஏற்றுமதியைப் பக்கத்தில் வையுங்கள். சவூதியோடு அப்படி உடன்பாடு இல்லை, கடலும் தூரமும் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டும் ஒரே வேகத்தில் ஏறியிருந்தால் உடன்பாடு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. எமிரேட்ஸின் பொது இறக்குமதி வரியே பெரும்பாலான பொருளுக்கு 5 விழுக்காடுதான், ஆகவே சலுகையின் உச்சவரம்பும் அவ்வளவே. சிங்கப்பூருக்கு அந்தச் சலுகை, வளைகுடா மன்றத்துடன் செய்துகொண்ட தடையற்ற வர்த்தக உடன்பாட்டால் 2013 செப்டம்பர் முதலே உண்டு.

சரக்குப் பட்டியலில் இல்லாத ஒரு கணக்கு

கடைசியாக அட்டவணையில் ஒரு நெடுவரிசையைச் சேருங்கள்: வேலைக்குப் போனவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம். இதை எந்தச் சுங்கத்துறையும் பதிவதில்லை. இந்திய ரிசர்வ் வங்கி 2023-24-க்கு எடுத்த ஆய்வில் மொத்த வரவு 118.7 பில்லியன் டாலர். எமிரேட்ஸின் பங்கு 19.2 விழுக்காடு, சவூதி 6.7, கத்தார் 4.1. நம் சிங்கப்பூரிலிருந்து 6.6. பெருக்கிப் பாருங்கள். எமிரேட்ஸிலிருந்து சுமார் 22.8 பில்லியன். அதே ஆண்டு சரக்கில் இந்தியாவுக்கு இருந்த பற்றாக்குறை 12.4 பில்லியன். சரக்கில் கொடுத்ததை உழைப்பு திருப்பிக் கொண்டுவந்து மேலே பத்து பில்லியனும் சேர்க்கிறது. சவூதியில் அப்படி இல்லை: பற்றாக்குறை ஏறத்தாழ 20 பில்லியன், வந்த பணம் 8 பில்லியன். கத்தாரில் 10.6-க்கு எதிராக 4.9. மூன்று நாடுகள், மூன்று வேறு உறவுகள். ‘வளைகுடா’ என்று ஒரே சொல்லில் கூட்டியிருந்தால் இந்த வித்தியாசம் வெளியே வந்தே இருக்காது.

இந்தப் பங்குகள் ஆய்வில் வங்கிகள் சொன்ன பதிலிலிருந்து வருபவை, மாதக் கணக்கு அல்ல. அடுத்த ஆய்வு வரும்வரை விழுக்காட்டை மாற்றாமல் மொத்தத்தை மட்டும் புதுப்பியுங்கள். சரக்குப் பட்டியலையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி இறக்குங்கள். முதலில் வரும் மாத எண்கள் தற்காலிகமானவை. மார்ச் மாதக் கணக்கை ஏப்ரலிலேயே எடுத்து வைத்தவர்கள், பிறகு திருத்திய எண்ணோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.